குடல் இல்லாத கடல் அட்டை: ஹோலோதூரிடே குடும்பத்தை எதை வைத்து உறுதி செய்வது?

எழுதியவர்: முதுகலை மாணவி, சென்னை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் துறையின் அருங்காட்சியக அறையில் இருக்கும் முட்தோலிகளின் ஜாடிகளுக்குப் புதிய பெயர்ச்சீட்டு எழுதும் பொறுப்பு எனக்கும் என் வகுப்புத் தோழி ஒருவருக்கும் தரப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒரு கடல் அட்டையின் சீட்டில் ‘ஹோலோதூரியா, குருசடைத் தீவு’ என்பது மட்டுமே படிக்க முடிகிறது, ஆண்டு அழிந்துவிட்டது. பதிவேட்டில் அதற்கு நேராக யாரோ பென்சிலால் ‘வெள்ளை அட்டை’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

உடல் ஒரு சாண் நீளம் இருக்கும். ஃபார்மலினில் கிடந்து முழுவதும் ஒரே பழுப்பு நிறமாகிவிட்டது. துறைத்தலைவரின் அனுமதியோடு வயிற்றுப்புறம் நடுக்கோட்டிற்குச் சற்று விலகித் திறந்து பார்த்தோம். குடலைக் காணோம். இனப்பெருக்கச் சுரப்பியின் கொத்தும் இல்லை. சுவாச மரங்களில் (மூச்சுவிட உதவும் கிளைத்த குழாய்கள்) வலப்புறத்தது மட்டும், குடல் வந்து முடியும் பின்புற அறையான பொதுக்கழிவறையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த நிலையில் இதை ஹோலோதூரிடே குடும்பத்தில் வைக்க என்ன ஆதாரம் போதும்? அடுத்து, வரிசையின் (வகைப்பாட்டில் குடும்பத்திற்கு மேலுள்ள படிநிலை) பெயரை எங்கள் பாடநூல் ஆஸ்பிடோகைரோட்டிடா என்கிறது. இணையத் தரவுத்தளங்களோ ஹோலோதூரிடா என்கின்றன. சீட்டில் எதை எழுதுவது?

எழுதியவர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், திருவல்லிக்கேணி

மாணவிக்கு வாழ்த்துகள். பழைய ஜாடிகளை மதித்து இவ்வளவு பொறுமையாகத் திறந்து பார்ப்பவர்கள் குறைந்துவிட்ட காலத்தில் இப்படி ஒரு கேள்வியைப் படிப்பதே மகிழ்ச்சியாக இருக்கிறது.

குடல் இல்லாதது உங்கள் மாதிரியின் குறை அல்ல. கடல் அட்டை அச்சுறுத்தப்பட்டால், அல்லது வாளியில் நீர் சூடேறி மூச்சுத் திணறினால், உள்ளுறுப்புகளை வெளியே தள்ளிவிடும் என்பது நீங்கள் படித்ததுதான். இந்தக் குழுவில் அது பின்புறத் துளை வழியாக நிகழும்; கிளைத்த உணர்கொம்புகள் உடைய டெண்ட்ரோகைரோட்டிடா வரிசையில் பெரும்பாலும் முன்புறமாக நிகழும். வலப்புறச் சுவாச மரம் மட்டும் தங்கியிருப்பதற்கும் காரணம் உண்டு. குடலின் மீது படர்ந்திருக்கும் ரீட்டே மிராபிலே என்ற நுண்நாள வலை இடப்புறச் சுவாச மரத்தின் கிளைகளோடு பின்னிக் கிடக்கும். ஆகவே குடல் போகும்போது அதுவும் பெரும்பாலும் கூடவே இழுபட்டுப் போய்விடும். உங்கள் அட்டை ஜாடிக்குள் வருவதற்கு முன்பே, அநேகமாகப் பிடித்துப் படகில் போட்ட சற்று நேரத்திலேயே, இது நடந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த ஒன்றை வைத்துக் குடும்பத்தைச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் ஸ்டிகோபோடிடே என்ற இன்னொரு கடல் அட்டைக் குடும்பத்திலும் இந்தப் பின்னல் உண்டு. எனவே வாய்ப்புறத்திலிருந்து தொடங்குங்கள். உணர்கொம்புகளின் நுனி கேடயம் போலத் தட்டையாக விரிந்திருக்கிறதா, எண்ணிக்கை 20 அளவில் இருக்கிறதா என்று பாருங்கள்; இக்குடும்பத்தில் 15 முதல் 30 வரை வரலாம், 20 என்பதே வழக்கம். பிறகு உணவுக்குழாயைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு வளையத்தைத் தேடுங்கள். அதில் ஆரத்திற்கு ஒன்றாக ஐந்து பெரிய தகடுகளும், அவற்றுக்கு இடையில் ஐந்து சிறிய தகடுகளும் மாறி மாறி அமைந்திருக்கும். தகடுகளின் பின்புறத்தில் நீண்ட வால் போன்ற நீட்சிகள் இருக்கக்கூடாது. வாய்ப்பகுதியை உள்ளிழுக்கும் தனித் தசைகளும் இருக்கக்கூடாது. அவை இருந்தால் நீங்கள் வேறு வரிசைக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று பொருள்.

வளையத்திற்குப் பின்னால், உடற்குழிக்குள் விரல்களாகத் தொங்கும் பைகள் உணர்கொம்புகளின் ஆம்புல்லாக்கள். ஹோலோதூரிடே, ஸ்டிகோபோடிடே இரண்டிலும் இவை நன்கு வளர்ந்திருக்கும். ஆழ்கடல் குடும்பமான சினலாக்டிடேயில் இவை இருப்பதில்லை.

எஞ்சுவது ஹோலோதூரிடேயா ஸ்டிகோபோடிடேயா என்ற கேள்வி மட்டுமே. இதைத் தீர்ப்பது இனப்பெருக்கச் சுரப்பி. ஹோலோதூரிடேயில் அது ஒரே கொத்தாக, முதுகுப்புறக் குடல்தாங்கியின் (குடலை உடற்சுவரோடு இணைக்கும் மெல்லிய சவ்வு) இடப்பக்கத்தில் மட்டும் இருக்கும். ஸ்டிகோபோடிடேயில் குடல்தாங்கியின் இருபுறமும் ஒவ்வொரு கொத்து இருக்கும். குழல்கள் போய்விட்டாலும், அவை முளைத்த அடிப்பகுதியும், அங்கிருந்து முதுகுப்புற நடுக்கோட்டில் வாய்ப்பக்கம் செல்லும் இனநாளமும் பல நேரங்களில் எஞ்சியிருக்கும். கைவில்லையை வைத்துக்கொண்டு குடல்தாங்கியின் இரு பக்கங்களையும் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். வயிற்றுப்புறமாகத் திறந்தது நல்லதாயிற்று. முதுகுப்புறமாகக் கத்தி வைத்திருந்தால் இந்தத் தடயம்தான் முதலில் அறுந்திருக்கும்.

எழுதியவர்: பாம்பன் பிறப்பு, ராயபுரம் இருப்பு

ஐயாவின் விளக்கத்திற்கு நன்றி. எங்கள் பக்கத்துப் பெயர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பதிவேட்டில் உள்ள பென்சில் குறிப்பு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

குளித்து அட்டை எடுத்தவர்கள் வெள்ளை அட்டை என்றால் ஹோலோதூரியா ஸ்காப்ராவைத்தான் சொல்வார்கள். அதன் வயிறு வெளுத்திருக்கும், முதுகில் குறுக்குச் சுருக்கங்கள் ஓடும், பகலில் பெரும்பாலும் மணலுக்குள் புதைந்திருக்கும். ராஜ அட்டை என்பது முதுகில் கூரிய முகிழ்கள் உடைய ஹோலோதூரியா ஸ்பினிஃபெரா. குச்சி அட்டை என்பது முழுக்கக் கறுத்த ஹோலோதூரியா ஆட்ரா. மேலெல்லாம் மணல் ஒட்டியிருக்கும், இடையிடையே இரண்டு வரிசையாக மணல் ஒட்டாத வட்டங்கள் தெரியும், தேய்த்தால் கையில் சிவப்புச் சாயம் ஏறும். உயிரோடு இருக்கும்போது இந்த மூன்றையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். விலையில் வெள்ளை அட்டைக்கும் குச்சி அட்டைக்கும் பெரிய இடைவெளி உண்டு. வயிற்றுப்பிழைப்பு அதில் இருந்ததால் கண் தவறாது. ஆனால் ஜாடிக்குள் போய் நிறம் இறங்கிய பிறகு எழுதப்பட்ட பெயரை அதே அளவுக்கு நம்ப முடியாது.

உடலமைப்பைப் பற்றிப் பேசும் இழையில் கூவியர் குழல்களை, அதாவது சில அட்டைகள் தற்காப்புக்காகப் பின்புறம் வழியே எறியும் ஒட்டும் இழைகளை, சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். பாறை இடுக்குகளில் கிடக்கும் ஹோலோதூரியா லூக்கோஸ்பைலோட்டாவைச் சீண்டினால் பின்புறத்தைச் சீண்டியவர் பக்கம் திருப்பி வெள்ளை இழைகளைப் பீய்ச்சும். அவை பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டால் விரலிலிருந்து எடுப்பது பெரும்பாடு. நண்டு சிக்கினால் அசைய முடியாது.

இன்னொன்றையும் மாணவி கவனத்தில் கொள்ள வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் புதிய மாதிரி வேண்டும் என்று காசிமேட்டிலோ மண்டபத்திலோ யாரிடமும் கேட்டுவிட வேண்டாம். 2001-ஆம் ஆண்டில் கடல் அட்டைகள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எங்கள் ஊரில் பல வீடுகளில் அடுப்பு அணைந்தது அந்த ஆண்டில்தான். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆயினும் சட்டம் சட்டமே. ஆய்வுக்காக என்றாலும் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும்.

எழுதியவர்: நுண்ணோக்கிக்காரர், தாம்பரம்

பாம்பன் நண்பர் சொன்ன குழல்களை வகைப்பாட்டோடு இணைத்துச் சொல்கிறேன். கூவியர் குழல்கள் ஹோலோதூரிடே குடும்பத்தில் மட்டுமே காணப்படுபவை. வழக்கமாக இடப்புறச் சுவாச மரத்தின் அடியில் அவை கொத்தாக ஒட்டியிருக்கும். பொதுக்கழிவறையின் சுவர் கிழிந்து அந்தக் கிழிசல் வழியே வெளிவரும். சுவாச மரத்து நீர் குழல்களுக்குள் அழுத்தப்படுவதால் அவை தம் நீளத்தைப் போலப் பல மடங்கு நீளும். அடிப்பகுதியில் தாமாகவே அறுந்து, சில வாரங்களில் மறுபடி வளரும். ஆனால் குடும்பத்தில் எல்லாருக்கும் இவை உண்டு என்று கொள்ளக்கூடாது. ஸ்காப்ராவிலும் ஆட்ராவிலும் இவை இல்லை. இதே குடும்பத்தின் ஆக்டினோபைகா பேரினத்தில் இருந்தாலும் வெளியே எறியப்படுவதில்லை. போஹாட்ஸியா பேரினத்தில்தான் இந்தப் பாதுகாப்பு மிகத் தாராளமாகச் செயல்படுகிறது. இருந்தால் குடும்பம் உறுதி. இல்லாவிட்டால் எதுவும் உறுதியில்லை. அதிலும் உள்ளுறுப்பு இழந்த உங்கள் மாதிரியில் இதைத் தேடிப் பயனில்லை.

பேரினத்திற்கு வருவோம். முதலில் பின்புறத் துளையைப் பாருங்கள். விளிம்பில் ஐந்து கெட்டியான சுண்ணாம்புப் பற்கள் இருந்தால் அது ஆக்டினோபைகா, அத்தோடு வேலை முடிந்தது. பற்கள் இல்லையென்றால் நுண்ணோக்கி இல்லாமல் மேலே போக முடியாது, ஏனெனில் மீதி விடை தோலுக்குள் புதைந்திருக்கும் நுண்முட்களில் இருக்கிறது. வகுப்பில் ஸ்பிக்யூல் என்று சொல்கிறோமே, அவைதான்.

முதுகு, வயிறு, குழாய்க்கால், உணர்கொம்பு ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் ஓர் அரிசி அளவு திசுவைத் தனித்தனியாக வெட்டி, தனித்தனிச் சோதனைக் குழாயில் போட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் சில துளிகள் விடுங்கள். சதை கரைந்து நுரை அடங்கியதும் அடியில் வெள்ளைப் பொடி படியும். மேல்நீரை மெதுவாக உறிஞ்சி எடுத்துவிட்டு, வாலைவடிநீரால் பலமுறை கழுவுங்கள். அவசரப்பட்டு ஒருமுறை கழுவிவிட்டு வைத்தால் உப்புப் படிகங்கள் வந்து கண்ணை ஏமாற்றும். பிறகு வில்லையில் ஒரு சொட்டு வைத்து நூறு மடங்கில் தொடங்கி நானூறு மடங்கு வரை போங்கள்.

போஹாட்ஸியாவில் ரோஜாவடிவங்களும் (கிளைத்துப் பூப்போலத் தெரியும் சிறு முட்கள்) சிறு மணிகளும் மட்டுமே இருக்கும், மேசைகள் இருக்காது. ஆக்டினோபைகாவில் கோல்களும் ரோஜாவடிவங்களும். ஹோலோதூரியாவில் வழக்கமாக மேசைகள் இருக்கும். மேசை என்பது ஓட்டைகள் நிறைந்த வட்டத் தட்டின் மீது நான்கு தூண்கள் எழுந்து, மேலே குறுக்குச் சட்டத்தால் இணைந்து, முள்முடியோடு நிற்பது. முதன்முறை பார்த்தபோது கிராமத்து நாற்கால் மண்டபம் ஒன்று கண்ணெதிரே நின்றது போலிருந்தது. ஸ்காப்ராவாக இருந்தால் மேசைகளோடு, புடைப்புகள் உடைய பொத்தான்கள் (ஓட்டைகள் உள்ள சிறு நீள்வட்டத் தகடுகள்) ஏராளமாகக் கிடைக்கும். ஆட்ராவாக இருந்தால் மேசைகளோடு ரோஜாவடிவங்கள் இருக்கும், பொத்தான்கள் இருக்காது. ஸ்பினிஃபெராவில் உயரமாக ஊசியாகும் ஆணிபோன்ற மேசைகள் தென்படும். C, S வடிவக் கோல்கள் தென்பட்டால் மட்டும் ஸ்டிகோபோடிடே பக்கம் திரும்ப வேண்டும்.

ஃபார்மலின் என்று சொன்னதுதான் கவலையளிக்கிறது. நாளாக நாளாக அதில் ஃபார்மிக் அமிலம் உண்டாகி இந்தச் சுண்ணாம்பை அரித்துவிடும். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஓர் அலமாரி நிறைய இருந்த அட்டைகள் இப்படித்தான் பெயரில்லாமல் போயின; வெளியே பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே ஒரு முள்கூட மிஞ்சியிருக்காது. சுண்ணாம்பு வளையத்தை ஊசி முனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அது வளைந்து கொடுத்தால் தோலில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு.

எழுதியவர்: சாந்தோம் வாசகர்

வரிசைப் பெயரைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் ஆஸ்பிடோகைரோட்டிடா என்று இருக்கும்வரை கல்லூரி ஜாடியில் அதையே எழுதுவதுதான் முறை என்பது என் கருத்து. உணர்கொம்பின் வடிவத்தை வைத்து ஒரு மாணவர் கண்ணால் பார்த்தே சரிபார்க்கக்கூடிய பகுப்பு அது. மூலக்கூறு ஆய்வு ஒவ்வொன்று வெளிவரும்போதும் சீட்டை மாற்றிக்கொண்டிருந்தால் எது நிலையானது?

எழுதியவர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், திருவல்லிக்கேணி

சாந்தோம் வாசகரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. இருப்பினும் இதில் நான் அவரோடு உடன்படவில்லை.

கேடய வடிவ உணர்கொம்பு என்பது ஒரே மூதாதையிடமிருந்து வந்தவர்களை மட்டும் சேர்த்துக் காட்டும் பண்பு அல்ல என்று தெரிந்த பிறகுதான் அந்த வரிசை கலைக்கப்பட்டது. 2017-இல் வெளிவந்த விரிவான மரபணு ஆய்வு கடல் அட்டைகளின் வகுப்பை ஏழு வரிசைகளாகப் பிரித்தது. அதில் பழைய ஆஸ்பிடோகைரோட்டிடா மூன்றாக உடைந்தது. ஹோலோதூரிடா என்ற வரிசையில் நம் ஹோலோதூரிடேயும், 2012-இல் தனிக் குடும்பமாக்கப்பட்ட ஆழ்கடல் மீசோதூரிடேயும் நிற்கின்றன. ஸ்டிகோபோடிடே சினலாக்டிடா வரிசைக்குப் போய்விட்டது. மூன்றாவது பெர்சிகுலிடா. கொத்து ஒன்றா இரண்டா என்று நான் மேலே சொன்ன வேறுபாட்டுக்கு இப்போது கூடுதல் கனம் கிடைத்திருப்பதைக் கவனியுங்கள். முன்பு அது ஒரே வரிசைக்குள் இரு குடும்பங்களைப் பிரித்தது, இன்று இரண்டு வரிசைகளின் எல்லையில் நிற்கிறது. கண்ணால் பார்க்கும் பண்புகளுக்கு வேலை போய்விடவில்லை, எந்தப் பண்புக்கு எவ்வளவு மதிப்பு என்பதுதான் மாறியிருக்கிறது.

நிலைத்தன்மை என்று பார்த்தாலும் இக்குடும்பத்துப் பெயர்களின் வரலாற்றில் அது என்றுமே இருந்ததில்லை. ஹோலோதூரியா என்ற பெயரையே லின்னேயஸ் 1758-இல் வேறு கடல் உயிர்களுக்குத்தான் வைத்தார். 1767-இல்தான் கடல் அட்டைகள் அதற்குள் வந்தன. பின்னர் சர்வதேச விலங்குப் பெயரிடல் ஆணையம் 1924-இல் விதியைத் தளர்த்தி அப்பெயரைக் கடல் அட்டைகளுக்கே உரியதாக்கியது. ஆக்டினோபைகா முன்பு மூல்லேரியா என்று வழங்கியது. அப்பெயர் ஏற்கெனவே வேறு விலங்குக்கு வைக்கப்பட்டிருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று.

குடும்பம் என்ற எல்லை 1837-இல் புர்மைஸ்டர் வகுத்ததிலிருந்து பெரிதாக ஆட்டம் காணவில்லை. உள்ளே இருக்கும் ஏற்பாடுதான் இன்றும் தீராத வழக்கு. மரபாக ஐந்து பேரினங்கள்: ஹோலோதூரியா, ஆக்டினோபைகா, போஹாட்ஸியா, லாபிடோடீமாஸ், பியர்சனோதூரியா. கடைசியாகச் சொன்னது 1984-இல் போஹாட்ஸியாவிலிருந்து பிரிக்கப்பட்டது; மன்னார் வளைகுடா முத்துப்படுகைகளின் அட்டைகளை ஆராய்ந்த ஜோசஃப் பியர்சனின் நினைவை அது தாங்குகிறது. மிகப் பெரியதான ஹோலோதூரியாவை 1958-இல் டைக்மன் பல பேரினங்களாக உடைத்தார். 1969-இல் ரோ என்ற ஆய்வாளர் மீண்டும் ஒன்றாக்கி அவற்றைத் துணைப்பேரினங்களாக வைத்தார். இன்று நாம் மெட்ரியாடைலா, ஹாலோடெய்மா, தீலோதூரியா என்றெல்லாம் எழுதுவது அந்த ஏற்பாட்டின்படிதான். ஒல்லியான வளையமும் ஆரங்களை ஒட்டிய குழாய்க்கால் வரிசைகளும் உடைய லாபிடோடீமாஸ் தனித்து நிற்கும் என்று எண்ணியிருந்தோம். 2005-இல் வந்த மரபணு ஆய்வுகள் அதை ஹோலோதூரியாவின் நடுவில் கொண்டுபோய் வைத்தன. அப்படியானால் ஒன்று லாபிடோடீமாஸை விட வேண்டும், அல்லது ஹோலோதூரியாவைப் பிரிக்க வேண்டும். என்றாவது துணைப்பேரினங்கள் பேரினங்களாக உயர்த்தப்படும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். அதனால்தான் சீட்டில் துணைப்பேரினத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறேன். நாளை மாற்றம் வந்தாலும் உங்கள் ஜாடி எங்கே போக வேண்டும் என்று அடுத்தவருக்குத் தெரியும்.

சிற்றின அளவிலும் இதே கதைதான். பல காலம் ஸ்காப்ராவின் ஒரு நிறவேறுபாடு என்று கருதப்பட்டது 2009-இல் ஹோலோதூரியா லெஸ்ஸோனி என்ற தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டது.

எழுதியவர்: முதுகலை மாணவி, சென்னை

ஐயாவுக்கும் மற்ற அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தோம்.

உணர்கொம்புகள் 20, நுனி தட்டையாக விரிந்திருக்கிறது. சுண்ணாம்பு வளையம் கெட்டியாக இருக்கிறது, பின்நீட்சிகள் இல்லை. ஆம்புல்லாக்கள் தெளிவாகத் தெரிகின்றன. உள்ளிழுக்கும் தசைகள் இல்லை. குடல்தாங்கியின் இடப்பக்கத்தில் மட்டும், குழல்கள் அறுந்த அடித்தண்டு ஒன்று இனநாளத்தோடு சேர்ந்து நிற்கிறது; வலப்பக்கத்தை இருவரும் மாறி மாறிப் பார்த்தோம், அங்கே எந்தத் தடயமும் இல்லை. பின்புறத் துளையில் பற்கள் இல்லை.

நுண்முட்களில்தான் எதிர்பாராதது கிடைத்தது. முதுகுத் தோலில் மேசைகள் இருக்கின்றன. தட்டு மிகச் சிறியது, முடியை மேலிருந்து பார்த்தால் சிலுவையாகத் தெரிகிறது. அவற்றோடு சிறு ரோஜாவடிவங்கள். பொத்தான் ஒன்றுகூட இல்லை. நான்கு இடங்களின் வில்லைகளையும் தேடிவிட்டோம். இதைக் கொண்டு இது வெள்ளை அட்டை அல்ல என்று சொல்லலாமா, அல்லது ஃபார்மலின் பொத்தான்களை மட்டும் கரைத்திருக்கக்கூடுமா?

எழுதியவர்: நுண்ணோக்கிக்காரர், தாம்பரம்

சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அரிக்கப்பட்ட மாதிரியில் ‘காணவில்லை’ என்பது பலவீனமான சான்று. ஆனால் இங்கே காண்பது ஒன்றும் இருக்கிறது. ரோஜாவடிவங்கள் பொத்தான்களைவிடச் சிறியவை, மெல்லியவை. அமிலம் வேலை செய்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியவை அவையே. அவை நின்றிருக்கும்போது தடித்த பொத்தான்கள் மட்டும் கரைந்தன என்பது நடவாத காரியம். மேலும் ஸ்காப்ராவின் தோலில் ரோஜாவடிவங்களே கிடையாது. எனவே பென்சில் குறிப்பை அடித்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கீழே அது பொருந்தாததற்கான காரணத்தை எழுதுங்கள்.

மேசையும் ரோஜாவடிவமும் உண்டு, பொத்தான் இல்லை என்றால் ஹாலோடெய்மா துணைப்பேரினம். அதற்குள் ஆட்ராவுக்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் அதே துணைப்பேரினத்தில் உள்ள எடுலிஸையும் நினைவில் வைக்க வேண்டும். உயிரோடு இருந்தால் எடுலிஸின் வயிறு இளஞ்சிவப்பாக இருக்கும், ஒரு பார்வையில் பிரித்துவிடலாம். நிறம் போன பிறகு இரண்டின் மேசைகளையும் ரோஜாவடிவங்களையும் அளந்து ஒப்பிட்டால்தான் முடிவுக்கு வர முடியும். ஃபார்மலினில் இருந்ததால் மரபணு வழி எளிதில் கைகொடுக்காது. சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மண்டல மையத்திற்கு உங்கள் துறை வழியாகக் கடிதம் எழுதி, பெயர் உறுதி செய்யப்பட்ட மாதிரிகளோடு ஒப்பிட வாய்ப்புக் கேளுங்கள்.

வில்லைகளைத் தூக்கி எறியாதீர்கள். எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று குறித்து, ஜாடியின் எண்ணையே அவற்றுக்கும் கொடுங்கள்.

எழுதியவர்: சாந்தோம் வாசகர்

விரிவுரையாளர் ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் பாடநூலை வைத்துக்கொண்டு ஜாடியைப் பார்க்க வரும் இளங்கலை மாணவர் குழம்பாமல் இருக்க, புதிய வரிசையின் பெயரை முதலிலும், ‘முன்பு ஆஸ்பிடோகைரோட்டிடா’ என்பதை அடுத்த வரியிலும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியவர்: முதுகலை மாணவி, சென்னை

அப்படியே செய்கிறோம். துறைத்தலைவர் ஒப்புதல் அளித்த சீட்டின் வாசகம் இது: ‘வகுப்பு ஹோலோதூராய்டியா, வரிசை ஹோலோதூரிடா, முன்பு ஆஸ்பிடோகைரோட்டிடா, குடும்பம் ஹோலோதூரிடே, ஹோலோதூரியா, துணைப்பேரினம் ஹாலோடெய்மா, சிற்றினம் ஆட்ராவாக இருக்கலாம், எடுலிஸோடு ஒப்பிட வேண்டும். இடம்: குருசடைத் தீவு. உள்ளுறுப்புகள் சேகரிப்பின்போதே வெளியேறியவை. பழைய பதிவில் வெள்ளை அட்டை, நுண்முட்கள் பொருந்தவில்லை.’

மாதிரியை நீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவி, 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றிவிட்டோம். பழைய சீட்டையும் அதே ஜாடிக்குள் போட்டிருக்கிறோம். இதே அலமாரியில் ஃபார்மலினில் இருக்கும் மற்ற அட்டைகளின் வளையங்களையும் ஊசியால் சோதிக்கத் தொடங்கியிருக்கிறோம். முதல் இரண்டு கெட்டியாக இருக்கின்றன.